ரேஷன் அரிசியில் இரும்பு: இட்லி மாவு பொங்குமா?

செறிவூட்டப்பட்ட அரிசி 2028 டிசம்பர் வரை தொடரும் என்று மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் முடிவெடுத்தது. மன்னார்குடியிலிருந்து வந்தாலும் பாபநாசத்திலிருந்து வந்தாலும் கடிதங்களில் முதல் கேள்வி ஒன்றுதான்: ‘இரும்பு கலந்த அரிசியில் மாவு பொங்குமா?’

பொங்கும்.

அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் பிழிந்த மணிகளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ சேர்க்கிறார்கள். ஆலையில் பாலீஷ் போட்டுத் தவிட்டோடு தள்ளியதில் இரும்பையும் ஃபோலேட்டையும் திருப்பித் தந்து, அரிசியில் என்றுமே இல்லாத பி12ஐயும் சேர்ப்பதற்குத்தான் ‘செறிவூட்டல்’ என்று பெயர். தவிட்டோடு போன மாங்கனீஸ், மெக்னீசியம் பற்றிப் பேச்சே இல்லை. மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு வேண்டியவை அவைதான்.

அநேகமாக எல்லா உயிருக்கும் இரும்பு வேண்டும். மாவில் வளரும் லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் விதிவிலக்கு. ஆக்சிஜன் பட்டால் செல்லுக்குள் சூப்பராக்சைடு என்ற நச்சு உண்டாகும். அதை முறிக்கப் பெரும்பாலான உயிர்களிடம் ஒரு நொதி உண்டு. இதனிடம் இல்லை, பதிலுக்கு மாங்கனீஸை வாரி உள்ளே அடைத்துக்கொள்கிறது. அந்த மாங்கனீஸே நச்சை முறித்துவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆர்ச்சிபால்டும் ஃபிரிடோவிச்சும் 1981இல் இதைக் காட்டினார்கள். போதாததற்கு, இந்த பாக்டீரியா வெளிவிடும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்போடு சேர்ந்தால் இன்னும் கொடிய நச்சாகும். இரும்பே வேண்டாமென்று விட்டதால் அந்த வம்பும் இல்லை, கெட்டிக்கார ஜீவன். ஆய்வகத்தில் இதை வளர்க்கும் ஊடகத்தில் லிட்டருக்கு 0.05 கிராம் மாங்கனீஸ் சல்பேட் போடுவது வழக்கம். இரும்பு உப்பு சேர்ப்பதில்லை. வீட்டு மாவில் அந்தத் தேவைக்கு அரிசியோடு உளுந்தும் வெந்தயமும் போதும்.

எனக்கு உறுத்துவது வயிறு. குடல் உறிஞ்சாமல் எஞ்சும் இரும்பு லாக்டோபேசில்லஸுக்கு உதவாது, ஈ.கோலை வகையறாவுக்கு விருந்து. ஐவரி கோஸ்ட் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் இரும்பு பிஸ்கட் கொடுத்த ஆய்வில் முன்னது குறைந்தது, பின்னது கூடியது. 2010இல் வெளியான முடிவு இது. அங்கே பிஸ்கட் தரும் நாளில் 20 மில்லிகிராம். நம் அரிசியில் கிலோவுக்கே 28 முதல் 42.5 வரைதான். அளவு குறைவு, சரி. ஆனால் பிஸ்கட் ஆறு மாதம், சோறு ஆயுசுக்கும். ‘பாதுகாப்பானது’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பவர்கள் குடலையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்களா?

கடிதங்களில் இருந்த மற்ற சில்லறைக் கேள்விகள்: மிதக்கும் மணி பிளாஸ்டிக்கா? இல்லை, பிழிந்த மாவு.

பொறுக்கி எறியலாமா? இரும்பும் சேர்ந்து போகும், அவ்வளவே.

அயோடின் உப்பு புளிப்பைக் கெடுக்குமா? மாவுக்குப் போடும் அளவில் கெடுக்காது.

தலசீமியா என்ற ரத்த நோய் உள்ளவர்கள் மருத்துவர் மேற்பார்வையில்தான் இதைச் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை? 2024இல் நீக்கிவிட்டார்கள். இருந்த காலத்திலும் அது சாக்கின் மேல்தான் இருந்தது. எடை போட்டுப் பையில் கொட்டிக்கொண்டு போகிறவர் அதை எங்கே படித்தார்?