300 ரூபா மிச்சம் பண்ணப் போய் ரவுண்ட் ஆன போல்ட்: ஒரு ஆடிட்டரோட வாக்குமூலம்

போன வீடியோவுல டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசிட்டிருந்தப்போ என் விரல்ல இருந்த பிளாஸ்டரைப் பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு கேட்டிருந்தீங்க. ஆயில் மாத்துற கூலி 300 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் வாங்கின காயம் அது.

எங்க அப்பா பட்டு நெசவாளர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்குள்ள தறி, வாசல்ல பழைய 100 சிசி பைக். முடிஞ்ச சேலையை சொசைட்டிக்குக் கொண்டுபோறது, ஜரிகை வாங்கி வர்றது எல்லாம் அந்த வண்டியிலதான். ஒரு ஞாயித்துக்கிழமை, நானே ஆயில் மாத்திடலாம்னு உட்கார்ந்தேன். இன்ஜினுக்கு அடியில இருக்கிற டிரெயின் போல்ட்டுக்கு 17 ஸ்பேனர் வேணும். வீட்டுல இருந்தது அட்ஜஸ்டபிள் ஸ்பேனர். போட்டு ஒரு இழு இழுத்தேன். 'க்ரக்'னு சத்தம். போல்ட் திரும்பிடுச்சுன்னு சந்தோஷப்பட்டா, திரும்பினது ஸ்பேனர் மட்டும்தான். போல்ட்டோட மூலையெல்லாம் மழுங்கிடுச்சு, என் விரல் ஸ்டாண்டுல போய் மோதிடுச்சு.

அப்பா தறியில உட்கார்ந்தபடியே, "விடுறா, சிக்குன இழையை இழுத்தா அறுந்துதான் போகும்"னு சொன்னார். நான் கேட்கல. இன்னும் மூணு தடவை இழுத்தேன். விழுற ஷேரை ஆவரேஜ் பண்ணாதீங்கன்னு உங்களுக்கு மாசாமாசம் சொல்றவன்தான் நான்!

முதல்ல இது ஏன் ஆகுதுன்னு பார்த்துடலாம். போல்ட் தலைக்கு ஆறு பக்கம். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர்ல எப்பவும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதனால மொத்த பலமும் ரெண்டு மூலையில விழும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரும் மூலைக்குப் பக்கத்துலதான் பிடிக்கும். ஆறு முனை சாக்கெட்தான் பக்கவாட்டுத் தட்டைப் பகுதியில பலத்தைப் பரப்பிப் பிடிக்கும். இது தவிர இன்னொரு வில்லனும் உண்டு: இன்ஜின் அலுமினியம், போல்ட் இரும்பு. ரெண்டும் தண்ணி பட்டு சேர்ந்தே இருந்தா அரிச்சு ஒட்டிக்கும். எங்க வண்டியில போன தடவை யாரோ அளவுக்கு மீறி இறுக்கியும் இருந்திருக்காங்க.

அப்போ எப்படிக் கழட்டுறது? மழுங்க ஆரம்பிச்சதும் கையை எடுத்துடுங்க. சுத்தி இருக்கிற மண்ணை பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, துரு இளக்குற ஆயில் அடிச்சு, முடிஞ்சா ஒரு ராத்திரி விடுங்க. அடிச்ச ரெண்டாவது நிமிஷமே ஸ்பேனர் போட்டா அந்த ஆயில் வாங்கின காசு வீண். அப்புறம் போல்ட் தலையில சுத்தியலால நாலு தட்டு, ஒட்டியிருக்கிறது விட ஆரம்பிக்கும். சூடும் உதவும். அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும், அதனால ஓட்டை கொஞ்சம் லூஸ் ஆகும். இன்ஜினை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டாலே போதும். பெட்ரோல் டேங்க் பக்கத்துல டார்ச் எடுத்துட்டுப் போகாதீங்க.

எங்க வண்டியை மறுநாள் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட தள்ளிட்டுப் போனேன். அவர் மழுங்கின 17 தலை மேல ஆறு முனை 16 சாக்கெட்டை வச்சு, சுத்தியலால அடிச்சு ஏத்தி, நீளக் கைப்பிடி போட்டு ஒரே சீரா அழுத்தினார். அஞ்சு நிமிஷம்தான்.

இதுக்கும் மசியலன்னா வைஸ் கிரிப், இல்லன்னா தலையோட ஓரத்துல உளி வச்சு கழட்டுற திசையில தட்டுறது. கடைசியா வெல்டிங் பட்டறை: மழுங்கின தலை மேல புது நட்டை வச்சு வெல்டு அடிச்சுடுவாங்க. அந்தச் சூடும் வேலை செய்யும், ஸ்பேனர் பிடிக்க புதுத் தலையும் கிடைக்கும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா முதல்ல பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க, உள்ள எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. போல்ட் உள்ளேயே ஒடிஞ்சா ஓட்டை போட்டு எக்ஸ்ட்ராக்டர் விட்டு எடுக்கிற வழி இருக்கு. ஆனா எக்ஸ்ட்ராக்டர் ரொம்பக் கடினமான இரும்பு. அது உள்ள ஒடிஞ்சா சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. இந்த வேலையை லேத் பட்டறைக்கே விட்டுடுங்க.

பிரேக் ஆயில் டப்பா மூடி திருகு மழுங்கிப்போச்சுன்னு அடிக்கடி கேட்பீங்க. ஜப்பானிய டிசைன் வண்டிகள்ல வர்ற கூட்டல் குறி திருகு பெரும்பாலும் ஜேஐஎஸ் அளவு. நாம போடுறது பிலிப்ஸ். பார்க்க ஒண்ணுபோலவே இருக்கும், ஆனா முழுசா உட்காராது. யமஹா தொழிற்சாலை நம்ம மாவட்டத்துலயே வல்லம் வடகால்ல இருக்கு, ஆனா சரியான ஸ்க்ரூடிரைவர் எத்தனை வீட்டுல இருக்கு?

இப்போ கணக்கு. மெக்கானிக் கூலி 150, புது போல்ட், வாஷர் 60. நான் மிச்சம் பண்ணினது 90 ரூபான்னு சொல்லலாம், ஆனா திங்கட்கிழமை வண்டி இல்லாம அப்பா ரெண்டு வாரம் நெஞ்ச சேலையை மடியில வச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போனார், தறியில அரை நாள் போச்சு. அந்த அரை நாள் கூலியைச் சேர்த்தா நான் நஷ்டத்துலதான் இருக்கேன். அப்புறம் 900 ரூபாய்க்கு ஆறு முனை சாக்கெட் செட் வாங்கினேன். அதைச் செலவுல சேர்க்கல, அது சொத்து! (வீட்டம்மா இந்த அக்கவுண்டிங்கை ஏத்துக்கல.)

மரை போயிருந்தா லேத்துல ஹெலிகாயில் போட்டுத் தப்பிக்கலாம். இன்ஜின் கேஸ் விரிசல் விட்டிருந்தா இன்ஜினையே பிரிக்கணும், பில் ஆயிரக்கணக்குல போகும். 'இன்ஷூரன்ஸ் இருக்கே'ன்னு நினைக்காதீங்க. விபத்து இல்லாத மெக்கானிக்கல் பழுது, தேய்மானம் எல்லாம் சாதாரண பாலிசியில வராது. சொந்தத் தொழிலுக்கு வண்டி ஓட்டுறவங்க பழுதுச் செலவை, தொழிலுக்கு ஓட்டின பங்கு அளவுக்கு கணக்குல கழிக்கலாம், பில் வாங்கி வைங்க. அனுமான வருமான முறையில ரிட்டர்ன் போடுறவங்களுக்கு இது தனியா கிடையாது.

திரும்ப மாட்டும்போது புது வாஷர், முதல் நாலு சுத்து கையால, அப்புறம் மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச். அப்பா வண்டியில அடுத்த ஆயில் இன்னும் 3,000 கிலோமீட்டர் கழிச்சு. நானேதான் மாத்தப்போறேன், ஸ்பேனரை மட்டும் அப்பா எடுத்துத் தருவாராம்.