மஸ்கட் மணமும் கம்பம் பன்னீர்த் திராட்சையும்

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களின் பந்தல்களில், தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலம் மாறுவதால் ஆண்டு முழுவதும் அறுவடையாகும் பன்னீர்த் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் இவ்விரகம், ஸ்கியாவா குரோசா என்னும் கருந்திராட்சையும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா என்னும் வெண்திராட்சையும் கலந்து பிறந்தது என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. நிறத்தை முன்னதிடமும் மணத்தைப் பின்னதிடமும் பெற்றதால், வெள்ளை மஸ்கட் ஒயினை இனங்காட்டும் அதே மணம் தேனிச் சந்தையிலும் கூடை கூடையாக வந்திறங்குகிறது.

புட்டியின் பெயரை மறைத்து நடத்தும் சுவைத்தேர்வில், சுவைஞர் கோப்பையைச் சுழற்றி முகர்ந்த பிறகே பருகுவார். முகர்வில் கிடைப்பவை டெர்பீன்கள், அதாவது எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள். மஸ்கட்டில் மேலோங்குபவை கொத்தமல்லி விதையில் நிறைந்துள்ள லினலூலும் ரோஜாவில் உள்ள ஜெரானியாலும் ஆகும். இவற்றின் பெரும்பகுதி பழத்தில் சர்க்கரையோடு பிணைந்து மணமற்றிருக்க, நொதித்தலின்போது அப்பிணைப்பு ஓரளவு அறுந்து மணம் வெளிப்படுகிறது. பெரும்பாலான ஒயின்கள் வேறு கனிகளையோ மலர்களையோ நினைவூட்ட, மஸ்கட் ஒயினிலோ திராட்சையின் மணமே வீசுகிறது. இனங்காண இதனினும் உறுதியான அடையாளம் வேறில்லை.

நிறம் அத்தகைய துணையன்று. பன்னீர்த் திராட்சை ஒன்றை நசுக்கினால், கருநீலத் தோலுக்குள்ளிருந்து வெளிறிய சாறே வழியும். நிறமி தோலில் தங்கிவிடுவதால், ஊறவிடாமல் பிழிந்தெடுத்தால் கருந்திராட்சையும் வெளிர் ஒயினைத் தரும்.

மஸ்கட்டோடு மயங்கக்கூடியவை சில உண்டு. கெவுர்ஸ்திராமினரில் ரோஸ் ஆக்சைடு என்னும் சேர்மத்தால் லிச்சிப்பழ மணம் எழும், புளிப்பு குறைந்திருக்கும். ரீஸ்லிங்கில் புளிப்பு கூர்மையாகவும், முதிர்ந்தபின் மண்ணெண்ணெய் வாடை தெளிவாகவும் இருக்கும். எல்லாவற்றினும் கடினமானது அர்ஜென்டினாவின் டொரோன்டெஸ். அதன் முதன்மை இரகமும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியாவுக்குப் பிறந்தது, ஆகவே கம்பத்துப் பன்னீருக்கு ஒருவழி உடன்பிறப்பு. முகர்ந்தால் இனிப்பையே எதிர்பார்க்கவைக்கும் அவ்வொயின், நாவில் பெரும்பாலும் இனிப்பின்றிச் சற்றே கசந்து முடிவதால், அதை மஸ்கட்டிலிருந்து பிரித்தறிய மூக்கைவிட நாக்கே உதவுகிறது.