துத்தநாகமும் சர்க்கரை நோயும்

அண்மையில் சங்கரன்கோவிலில் ஒரு வலீமா விருந்திற்குச் சென்றிருந்தோம். ஆட்டிறைச்சிப் பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஊர். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் அறுபதைக் கடந்தவர். பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். உண்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இது துத்தநாக மாத்திரை. இன்சுலினுக்கே இதுதான் ஆதாரமாம். இதைத் தொடங்கியதிலிருந்து டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்றார் பெருமையுடன்.

விடைபெறும் வேளையில் அவருடைய மகள் கவலையோடு சொன்னார்: "அத்தா யார் சொல்லியும் கேட்பதில்லை. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், மாமா."

பெரியவர் கூறியதில் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து. இரண்டையும் பிரித்தறிவது நம் குடும்பங்களுக்கு இன்றியமையாதது. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் வயது வந்தபின் தோன்றும் இரண்டாம் வகையினரே.

உண்மையான பாதி

கணையத்தில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரந்து, உடனே வெளியேற்றிவிடுவதில்லை; சேமித்து வைக்கின்றன. ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றி ஒன்றுகூடி, ஒரு கட்டாக அடுக்கப்படுகின்றன. உணவுக்குப்பின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அக்கட்டு அவிழ்ந்து இன்சுலின் வெளிவருகிறது.

இத்தொடர்பு நெடுங்காலமாகவே அறியப்பட்டது. 1921-இல் இன்சுலின் கண்டறியப்பட்ட கனடாவின் டொராண்டோ நகரில், 1934-இல் ஸ்காட் என்னும் ஆய்வாளர், இன்சுலின் படிகமாவதற்குத் துத்தநாகம் தேவை என நிறுவினார். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சிறுநீர் வழியே துத்தநாகம் மிகுதியாக வெளியேறுகிறது என்பதும் மெய்யே.

ஆபத்தான பாதி

அவ்வாறாயின் துத்தநாகத்தை விழுங்கினால் நோய் தீருமா? செங்கல் இன்றி வீடு கட்ட இயலாது; ஆனால் செங்கலை மட்டும் குவித்தால் வீடு எழும்பிவிடாது. இரண்டாம் வகை நீரிழிவில், சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் பீட்டா செல்களும் தளர்கின்றன. துத்தநாகக் குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று.

சில ஆய்வுகளில் துத்தநாகம் உட்கொண்டோருக்குச் சர்க்கரை அளவு ஓரளவு குறைந்ததுண்டு. ஆயினும், துத்தநாகம் நீரிழிவைத் தடுக்கும் என்று கூறப் போதிய சான்று இல்லை என்றே 2015-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு முடிவு செய்தது. எந்த ஆய்வும் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை.

அளவு மீறினாலும் தீங்குண்டு. நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் உட்கொண்டால், உடல் செம்புச் சத்தை ஏற்பது குறையும். இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் நேரலாம்.

உணவிலேயே உண்டு

ஆட்டிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் துத்தநாகம் உள்ளது. இதைக் கேட்டதும் பிரியாணிச் சட்டியை நெருங்கிவிட வேண்டாம்! அதிலுள்ள வெள்ளை அரிசியும் நெய்யும் சர்க்கரை நோயாளிக்குப் பகையே. கொழுப்பு நீக்கிய இறைச்சியை அளவோடு உண்ணலாம். முட்டை, பால், கொண்டைக்கடலை, எள், நிலக்கடலை, பூசணி விதை ஆகியவற்றிலும் துத்தநாகம் உண்டு.

பருப்பிலும் தானியத்திலும் உள்ள ஃபைடேட் என்னும் பொருள் துத்தநாகத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகியவை அத்தடையைக் குறைக்கும். நம் பாட்டிமார் கடைப்பிடித்த சமையல் முறைகளே இவை!

நோயுற்றால் மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். மருந்தைத் தன் விருப்பப்படி கூட்டுவதும் குறைப்பதும் அவ்வழியாகாது. ரமளான் நோன்புக்கு முன்பும், சஹர், இஃப்தார் நேரங்களுக்கேற்ப மருந்தை எவ்வாறு மாற்றுவது என மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதையும் மறந்துவிடலாகாது.

சில நாட்களுக்குப் பின் அந்தப் பெரியவரின் மகளிடமிருந்து செய்தி வந்தது. இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வெகுவாக ஏறியிருந்ததாம். மருத்துவரின் சொற்படி பழைய மாத்திரையை முழு அளவில் மீண்டும் தொடங்கிவிட்டாராம். உரிய வேளையில் உண்மை தெரிந்தது, அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் இல்லத்துப் பெரியவர்களின் சட்டைப் பையையும் இன்றே ஒருமுறை அன்போடு விசாரித்துப் பாருங்கள். வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நலம் அருள்வானாக, ஆமீன்.