போர் முடிந்தும் திறக்காத முகாம்

1963-ல் மதராஸ் துறைமுகத்துக்குச் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் வந்தன. 2,300-க்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு போயின. அவர்களில் பலர் சீனாவைக் கண்ணால் கண்டதில்லை. அசாமிலும் வங்காளத்திலும் பிறந்து, செருப்புத் தைத்தும் மரவேலை செய்தும் சலூன், சாப்பாட்டுக்கடை நடத்தியும் பிழைத்தவர்கள். ராஜஸ்தானின் தியோலி முகாமிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து கப்பலேற்றினார்கள்.

1962 அக்டோபர் 20-ல் சீனப் படை எல்லை தாண்டியது. நாடே கொதித்தது, அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போய் விழுந்த இடம்தான் அநியாயம். அவசரமாகத் திருத்தப்பட்ட சட்டங்களும் ஆணைகளும், தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ எப்போதாவது சீனக் குடிமகனாக இருந்திருந்தாலே ஒருவரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதில் சிக்கினார்கள். யார் என்ன செய்தார் என்று எவரும் விசாரிக்கவில்லை.

அசாமின் மாக்குமில், தேயிலைத் தோட்ட வேலைக்கு 19-ம் நூற்றாண்டில் வந்த சீனர்களின் வம்சம் வாழ்ந்தது. உள்ளூர்ப் பெண்களைக் கட்டி, ஊரோடு கலந்துபோன குடும்பங்கள். நவம்பர் 19 அன்று போலீஸ் அங்கே வந்தது. இரண்டே நாளில், 21-ம் தேதி, சீனா போர்நிறுத்தம் அறிவித்துவிட்டது. ஆனாலும் கைதுகள் நிற்கவில்லை.

டார்ஜிலிங்கில் கைதான யின் மார்ஷுக்கு அப்போது வயது 13. பிற்காலத்தில் தன் அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். பல நாள் நீண்ட ரயில் பயணம், பெட்டியில் ‘எதிரி ரயில்’ என்ற எழுத்து, வழியில் ஸ்டேஷன்களில் கூடிநின்று கல்லெறிந்த கூட்டம் என்று முகாமில் இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். குழந்தைகளும் பாட்டிகளும் இருந்த ரயில் அது.

தியோலியில் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். பிரிட்டிஷ் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணை அடைத்துவைத்த அதே தியோலி. சுதந்திர இந்தியா அங்கே பச்சைக் குழந்தைகளைக் கம்பிவேலிக்குள் வைத்தது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. முகாமிலேயே பிரசவங்களும் நடந்தன. அப்படிப் பிறந்த ஜாய் மா, 2020-ல் திலீப் டிசூசாவுடன் சேர்ந்து அந்த வரலாற்றை நூலாக்கினார்.

போரிடும் நாட்டுக்குத் தன் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதற்கும் எல்லை வகுத்தது 1949-ன் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை. பாதுகாப்புக்கு முற்றிலும் அவசியம் என்றால் மட்டுமே அயல்நாட்டவரை அடைத்துவைக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒவ்வொருவர் நிலையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1950-லேயே இந்தியா இதை ஏற்றது. அப்படியிருந்தும், ஒரு மாதப் போருக்காகத் திறந்த முகாமிலிருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 1967-ல்தான்.

வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் மிஞ்சவில்லை. எதிரிச் சொத்து என்று கைப்பற்றப்பட்டும் ஏலம் விடப்பட்டும் கைமாறியிருந்தன. பிழைக்க வழி தேடிப் பலர் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த அமெரிக்கா, 1988-ல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. தியோலிக்காரர்கள் கேட்பது முதலில் மன்னிப்பு. அடுத்து, முகாம் இருந்த இடத்தில் ஒரு நினைவுச்சின்னம். அன்று அங்கே குழந்தைகளாக இருந்தவர்களுக்கே அறுபது, எழுபது வயதாகிவிட்டது. டெல்லி இனியும் தாமதிக்கக் கூடாது.