பேரரசு விளையாட்டில் நட்பும் பகையும்

சதுரங்கத்தில் இருவர் எதிரெதிரே அமர்வர். ஒருவர் வென்றால் மற்றவர் தோற்பார். அங்கே கூட்டணிக்கு இடமில்லை. பல அரசுகள் ஒரே நிலப்பரப்பில் வாழ நேரும்போதோ போர் மட்டுமே வழியாகாது. தூதும் வாணிகமும் நட்பும் வேண்டப்படுகின்றன. இந்நிலையைக் கணினித் திரையில் காட்டும் விளையாட்டுகளுள் புகழ்பெற்றது, சிட் மெயர், புரூஸ் ஷெல்லி ஆகியோர் 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவாக்கிய 'சிவிலைசேஷன்' ஆகும். 2016இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பையும், பின்னர் அதனுடன் சேர்ந்த இரு விரிவாக்கங்களையும் கொண்டு, அவ்விளையாட்டு உணர்த்தும் அரசியல் நெறியை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மண்ணின் விலை

கி.மு. 4000இல், குடியேறுவோர் குழு ஒன்றுடன் ஆட்டம் தொடங்குகிறது. ஒவ்வோர் அரசும் தன் முறை வரும்போது நகரமைக்கலாம், படை நகர்த்தலாம், தூதும் அனுப்பலாம். நிலம் பெருகினால் வலிமை பெருகும் என்றே புதிதாக ஆடுவோர் எண்ணுவர். ஆனால், ஒரு குடியேற்றக் குழுவை அனுப்பும் நகரம் தன் மக்களில் ஒரு பகுதியை இழக்கிறது. அடுத்தடுத்த குழுக்களுக்கு ஆகும் செலவும் ஏறிக்கொண்டே போகிறது. 2018இல் வந்த விரிவாக்கம் 'பற்றுறுதி' என்னும் அளவையும் சேர்த்தது. தாய்நாட்டிற்குத் தொலைவில், அயலார் நகரங்களுக்கு நடுவே அமைத்த ஊர், அவர்தம் மக்கள்தொகையின் ஈர்ப்பால் பற்றிழந்து தனித்துப் பிரியும். வாள் வீசாமலேயே ஓர் ஊரை இழக்கலாம் என்பதே இதன் கருத்து.

சொல்லின் விலை

போர் தொடுப்பதிலும் முறையுண்டு. முதலில் பகை நாட்டை வெளிப்படையாகக் கண்டித்து, ஐந்து சுற்றுகள் பொறுத்திருந்து அறிவிக்கும் போருக்குப் பழி குறைவு. முன்னறிவிப்பின்றித் தாக்குவோர்க்குப் பழி மிகுதி. 2019இல் வந்த விரிவாக்கம் இப்பழியை எண்ணாகவே கணக்கிடுகிறது. தாக்கப்பட்டவர் மட்டுமன்றிப் பிற அரசுகளும் அதனை நினைவிற் கொள்கின்றன. ஒரு நகரைக் கைப்பற்றியவன், அதனினும் பயனுள்ள நட்பை இழந்து நிற்பதும் உண்டு.

கூட்டணியின் வகைகள்

ஆராய்ச்சி, படை, பொருள், பண்பாடு, சமயம் எனக் கூட்டணிகள் ஐவகைப்படும். நட்பை அறிவித்த பின்னரே கூட்டணி அமையும். ஒரு வகைக்கு ஒரு துணையே கொள்ள இயலும். காலமும் இடையறாத வாணிகமும் சேரச் சேர அது மூன்று படிகளாக வளரும். ஆகவே, இன்று எளிதிற் கிடைக்கும் துணையைவிட நெடுநாள் நிலைக்கும் துணையே சிறந்தது. தூது, காலமறிதல், நட்பாராய்தல் என வள்ளுவர் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததன் நுட்பம் இங்கு எண்ணத்தக்கது.

அளவுகோலின் குறை

எனினும், இவ்விளையாட்டின் மீது கூரிய மறுப்பொன்றும் எழுந்தது. கனடாவின் தொல்குடியினரான கிரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கர், 1885ஆம் ஆண்டுப் போரில், பின்வாங்கிய அரசுப் படையைத் துரத்த வேண்டாமெனத் தம் வீரரைத் தடுத்தவர். ஆயினும் அரசு அவரைக் குற்றவாளியெனச் சிறையிட்டது. 2019இல்தான் கனடா அரசு அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. 2018ஆம் ஆண்டு விரிவாக்கத்தில் இவரைக் கூட்டணிகளாற் பயன்பெறும் தலைவராகப் படைத்தனர். அதில் கிரீ வணிகர் முதன்முதல் கால்வைக்கும், நகரை அடுத்த உரிமையற்ற நிலமும் கிரீயர்க்கே உரியதாகிவிடும்.

அவர் பெயரைத் தாங்கிய கிரீ சமூகத்தின் தலைவர்களுள் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் இதனை ஏற்கவில்லை. பிற மக்களை வென்று நிலங்கொள்ளும் குடியேற்றவாதிகளின் நோக்கமே தொல்குடியினர்க்கும் இருந்தது என்னும் பொய்த்தோற்றத்தை இது வளர்க்கும் என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. நட்பைப் போற்றும் தலைவரையும், நிலத்தைப் பெருக்குபவராக அன்றி வேறு வகையிற் காட்ட அவ்விளையாட்டால் இயலவில்லை.

முடிவுரை

அளவறிந்து விரிதலும், சொல் காத்தலும், நட்பைக் காலத்தால் வளர்த்தலும் இவ்விளையாட்டு கற்பிக்கும் நல்ல பாடங்கள். ஆனால், அங்கே ஆளில்லா நிலமெனத் தோன்றுவது, வரலாற்றில் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தாய்மண். திரையில் வெல்லும் மாணவர் இதனையும் உடன் கற்பாராயின், அவர் பெற்ற வெற்றி அறிவாக நிலைபெறும் எனலாம்.