பொருந்தும் குழலே நற்குழல்

நீளமானது நல்லது, விலை மிகுந்தது அதனினும் நல்லது என்று நாம் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் எப்போதும் சரியன்று என்பதைப் 'பெயின்ட்பால்' என்னும் விளையாட்டின் வழியே காண்போம்.

1981-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்னும் ஊரை அடுத்த காட்டில் 12 பேர் இவ்விளையாட்டை முதன்முதலாக ஆடினர். மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் தொலைவிலிருந்தே வண்ணக் குறியிட உதவிய துப்பாக்கியே அவர்கள் கையில் இருந்தது. சாயம் அடைத்த ஜெலட்டின் உருண்டையை அழுத்தப்பட்ட வாயு குழல் வழியே உந்தித் தள்ளும். உருண்டை எவர்மேல் பட்டு உடைகிறதோ அவர் ஆட்டம் இழப்பார்.

கருவியுடன் வரும் குழலைக் கழற்றிவிட்டு, வேறு குழல் வாங்கிப் பொருத்துவோர் பலர். அவர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது மரை. ஒரு வகைக் கருவியின் மரை மற்றொரு வகைக்குப் பெரும்பாலும் சேராது.

இரண்டாவது உள்விட்டம். உருண்டையின் விட்டம் ஏறத்தாழ 0.68 அங்குலம். ஜெலட்டின் ஈரக்காற்றில் உப்பும்; ஆகவே அளவு சற்று மாறும். கருவியிலிருந்து கழற்றிய குழலில் ஓர் உருண்டையை இட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். அது தானாக உருண்டு விழுந்தால் குழல் அகலமானது. வாயு பக்கவாட்டில் கசிந்து வீணாகும். ஊதினாலும் நகராவிட்டால் குழல் குறுகலானது. உருண்டை உள்ளேயே உடையக்கூடும். தங்கி நின்று, ஊதியவுடன் வெளிவந்தால் அதுவே பொருத்தமான குழல்.

மூன்றாவது நீளம். 12 முதல் 14 அங்குலமே வழக்கம். அதற்குமேல் நீண்டால் உராய்வு மிகும். வாயுவும் கூடுதலாகச் செலவாகும்.

குழல் மாறினால் வேகமும் மாறும் என்பதை மறத்தலாகாது. உருண்டையின் வேகம் நொடிக்கு 300 அடியைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள பொதுவிதி. எனவே புதுக்குழல் பொருத்தியதும் வேகமானியால் அளந்த பின்னரே ஆட வேண்டும். அவ்வேகத்தில் வரும் உருண்டை கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். ஆகையால் களத்தில் ஒரு நொடியும் முகக்கவசத்தைக் கழற்றுதல் கூடாது. குழலுக்குச் செலவிடும் முன் கவசத்திற்குச் செலவிடுவதே அறிவுடைமை.

அந்த முதல் ஆட்டத்தில் வென்றவர் காட்டை நன்கறிந்த ஒரு வனத்தொழிலர். அவர் ஒருமுறையேனும் சுடாமலே கொடிகளைச் சேகரித்து வெற்றி பெற்றார்! கருவி எத்தகையதாயினும், அதைக் கையாளும் அறிவும் அடக்கமுமே நமக்கு வெற்றி தரும்.