அருகில் இருந்தும் எட்டாத பரிசோதனை

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறத்தாழ எப்போதும் எச்.பி.வி. வைரஸினால் உண்டாகிறது. அதன் 16, 18 ஆம் வகைகளே சுமார் 70 சதவீத நோய்க்குக் காரணம். தொற்றிய வைரஸைப் பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே அகற்றிவிடும். அகலாமல் தங்கினால் கலங்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். வலியோ இரத்தப்போக்கோ இல்லாத அந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்தால், நோயை வரவிடாமலே தடுக்கலாம்.

இதற்காகவே இலங்கையில் 1996 இல் 'சுவநாரி' எனப்படும் மகளிர் நலக் கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. 35 வயதிலும், பின்னர் சேர்க்கப்பட்ட 45 வயதிலும் பெண்கள் இங்கு அழைக்கப்படுகிறார்கள். பாப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கப்படும். கொழும்பின் கிருலப்பனைப் பெண்களுக்குப் பக்கத்து நாரஹேன்பிட்டியிலேயே தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் புற்றுநோய் முன்னறி நிலையம் இருக்கிறது. ஹைலெவல் வீதியில் பஸ் ஏறினால் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை வந்துவிடும்.

ஆகவே இங்கு தூரம் பெரிய தடையல்ல. வீட்டு வேலைக்கோ கடைக்கோ போகும் பெண்ணுக்கு வேலைநாளின் காலைநேரக் கிளினிக் என்றால் அன்றைய கூலி போய்விடும். 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே' என்ற எண்ணமும் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். கர்ப்பகாலத்தில் வீடுதேடி வந்த குடும்பநல மாதுவுடனான தொடர்பும், பிள்ளைகள் வளர்ந்த பிறகு குறைந்துபோகிறது. மாலைநேரக் கிளினிக்கும், தமிழில் விளங்கப்படுத்தும் பெண் ஊழியரும், மறைவான அறையும் இந்தத் தடைகளை நேரடியாகக் குறைக்கும்.

வந்தவருக்குக் கிடைக்கும் பரிசோதனை தரமாகவும் இருக்க வேண்டும். பாப் பரிசோதனையில் கருப்பைக் கழுத்திலிருந்து சிறு தட்டைக் கரண்டியால் வழித்தெடுத்த கலங்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காயுமுன் அற்ககோலில் நிலைப்படுத்த வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கலங்கள் உருக்குலைந்து, ஆய்வுகூடத்தில் வாசிக்க முடியாமற் போகும். மாதவிடாய் நாட்களில் மாதிரி எடுப்பதும் உகந்ததல்ல. அறிக்கை பெண்ணின் கைக்குச் சேர்வதும், மாற்றம் தெரிந்தால் கருப்பைக் கழுத்தை உருப்பெருக்கிப் பார்க்கும் கொல்பொஸ்கொப்பிப் பரிசோதனைக்கு அவரை அனுப்பி, போனாரா என்று விசாரிப்பதும் இதே சேவையின் பகுதிகள். இவற்றில் ஒன்று அறுந்தாலும் மற்றவை பயனற்றுப்போகும்.

எளிய முறையும் உயிர் காக்கும் என்பதைத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டம் காட்டியது. அங்கு அசற்றிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையை, பயிற்சி பெற்ற தாதியர் கிராமப் பெண்களுக்குச் செய்தனர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007 இல் வெளியான ஆய்வு கூறியது. இன்று உலக சுகாதார நிறுவனம் எச்.பி.வி. மரபணுச் சோதனையையே பரிந்துரைக்கிறது. அதற்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பதால் கூச்சமும் காத்திருப்பும் குறையும்.

இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. அது மகள்மாரின் தலைமுறையைக் காக்கும். தடுப்பூசி கிடைக்காத அவர்களின் தாய்மாருக்கு, உரிய வயதில் செய்யும் பரிசோதனையே பாதுகாப்பு.